தலைக்குள் ஏதோ ஊருது: சீன ஊசி வைத்தியம் கைகொடுக்குமா?

“பிள்ளை, தலைக்குள்ள ஏதோ ஊருது. வலி எண்டு சொல்லேலாது. வலியெண்டால் பனடோலுக்கு நிண்டிடும். இது ஊருது.”

பெண்களைத் தலைவிகளாகக் கொண்ட குடும்பங்களின் குழுக்கூட்டங்களில் இந்த முறைப்பாட்டைக் கேட்காத மாதம் குறைவு. ஒருவருக்கு எறும்பு ஊர்வது போல. இன்னொருவருக்கு உச்சி எரிவு. ஈரச்சீலை போட்டால்தான் படுக்க முடியும். வேறொருவருக்குத் தலையைச் சுற்றி இரும்புப் பட்டி போட்டு இறுக்கியது போல. மண்டைக்குள் காற்றுப் புகுந்துவிட்டது என்பவர்களும், பின்கழுத்தில் தொடங்கி உச்சிவரை ஏதோ ஏறுகிறது என்பவர்களும் உண்டு. சித்தாலேப பூசியாயிற்று, நொச்சி அவித்து ஆவி பிடித்தாயிற்று, நூல் கட்டியாயிற்று, பெரியாஸ்பத்திரியில் ஸ்கானும் எடுத்தாயிற்று. “ஒண்டும் இல்லையாம்” என்று சொல்லும்போது அவர்களுடைய முகத்தில் நிம்மதி தெரிவதில்லை. தாம் பொய் சொல்கிறோம் என்று வைத்தியர் நினைத்துவிட்டாரோ என்ற வருத்தம்தான் தெரிகிறது.

அண்மைக்காலமாக இந்தக் கதையோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. கனடாவில் இருக்கும் மச்சாளுக்குச் சீன வைத்தியர் ஊசி குத்தி மாறிவிட்டதாம், இங்கேயும் குத்துகிறார்களாம், போகலாமா என்று கேட்கிறார்கள். இம்மாதம் அதைப் பற்றி எழுதலாம் என நினைத்தேன்.

முதலில் அந்த “ஒன்றுமில்லை” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஸ்கான் என்பது மூளையின் படம். கட்டி, இரத்தக்கசிவு, பழைய காயம் போன்றவை அதில் தெரியும். இறுகிப்போன கழுத்துத் தசை அதில் தெரியாது. இரத்தச்சோகை தெரியாது. மூன்று மாதமாக நித்திரை இல்லாதது தெரியாது. ஆகவே ஸ்கானில் ஒன்றுமில்லை என்றால் ஆபத்தான சில நோய்கள் இல்லை என்றுதான் பொருள். உங்களுக்கு வருத்தம் இல்லை என்பது அதன் பொருளல்ல. இதை வைத்தியர் இரண்டு வசனத்தில் சொன்னால் எவ்வளவோ நல்லது. நெரிசலான கிளினிக்கில் அந்த இரண்டு வசனத்துக்கு நேரம் கிடைப்பதில்லை.

சமூகவியல் படித்த காலத்தில் ஆர்தர் கிளைன்மன் என்பவரின் ஆய்வொன்றைப் பாடமாகப் படித்தோம். அவர் அமெரிக்க உளமருத்துவர், மானிடவியலாளரும்கூட. சீனாவின் ஹுனான் மாகாணத்தில், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயரிடப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 100 பேரிடம் அவர் விசாரித்தார். தலைவலி, தலைச்சுற்று, நித்திரையின்மை, உடற்சோர்வு என்பவையே அவர்களின் முறைப்பாடுகள். மனக்கவலை என்று வந்தவர்கள் மிகக் குறைவு. ஆறுதலாக இருத்திக் கேட்டபோது 87 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது தெரியவந்தது. 1982இல் இந்த முடிவுகளை வெளியிட்டார். அவர்களில் பலர் 1966 முதல் 1976 வரை நடந்த கலாசாரப் புரட்சியில் வேலையை, குடும்பத்தை, மானத்தை இழந்தவர்கள். அந்த இழப்பை வாய்விட்டுச் சொல்வது ஆபத்தாக இருந்த காலம் அது. தலைவலி என்று சொன்னால் யாரும் குற்றம் பிடிக்கமாட்டார்கள். மருந்து கொடுத்தபோது பலருக்குக் குணங்குறிகள் குறைந்தன. ஆனால் வேலையிடத்திலும் வீட்டிலும் பிரச்சினை தீராதவர்கள் தொடர்ந்தும் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

சோதனைக்காகப் படித்த அந்தப் பாடம் ஊர்களுக்குள் இறங்கிய பின்னர்தான் எனக்கு உயிருள்ளதாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதையே எமது மக்களிடம் கண்டு எழுதியிருக்கிறார். போரின் உளத்தாக்கம் பற்றிய அவரது ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. எமது பெண்கள் “கவலையாக இருக்கிறது” என்று வருவதில்லை. தலையிடி, நெஞ்சுப் பாரம், பெருமூச்சு, உடம்பு எரிவு என்று வருகிறார்கள். சொல்லவும் அழவும் முடியாததை உடம்பு சொல்கிறது. கணவன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் பொட்டு வைப்பதா விடுவதா என்று நிற்கும் பெண்ணிடம், “உமக்கு என்ன கவலை” என்று கேட்டால் அவர் எதிலிருந்து தொடங்குவார்?

அந்தப் பெருமூச்சுக்கும் தலை ஊருதலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். மனம் பதறும்போது நாம் அறியாமலே வேகமாகவும் ஆழமாகவும் மூச்செடுக்கிறோம். இரத்தத்தில் இருக்கவேண்டிய காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அப்போது மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்கும், நரம்புகள் கூருணர்வு அடையும். உதடு, விரல் நுனி, தலைத்தோல் எல்லாம் விறைத்து ஊர்வது போல இருக்கும், தலை வெறுமையாகும். அதைக் கண்டு பயந்து இன்னும் பெரிதாக மூச்செடுப்போம். ஊருதல் கூடும். அந்த நேரத்தில் செய்யவேண்டியது இன்னும் காற்று இழுப்பதல்ல. மூக்கால் மெதுவாக எடுத்து, எடுத்ததைவிட நீண்ட நேரம் வெளியே விடவேண்டும். ‘ஓம்’ என்றோ, ‘யேசுவே’ என்றோ, ‘சுப்ஹானல்லாஹ்’ என்றோ மனதில் நீட்டிச் சொல்லிக்கொண்டு மூச்சை விட்டால் அது தானாகவே நீளும். எமது உளவளத்துணையாளர்கள் இதைப் பல வருடங்களாகக் கற்பித்து வருகிறார்கள். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கிவரும் சாந்திகம் நிலையத்திலும் இவ்வாறான சாந்தப் பயிற்சிகள் பழக்கப்பட்டு வந்துள்ளன.

எல்லாவற்றையும் மனதின் தலையில் சுமத்திவிடுவதும் பிழை. தலை ஊருகிறது என்றால் முதலில் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்கவேண்டாம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோடு ஒரே பாயில் படுக்கும் தாய்மாருக்கு இது வழமையான விடயம். பொடுகும் அப்படித்தான். இரத்தச்சோகை, நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, மச்சம் மாமிசம் முட்டை பால் எதுவுமே சேராதவர்களுக்கு ஏற்படும் பி12 விற்றமின் குறைவு, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் என்பவையும் ஊருதல், எரிவு, விறைப்பைத் தரும். இவற்றில் பெரும்பாலானவை இரத்தச் சோதனையில் பிடிபடும். அரச வைத்தியசாலையில் பணம் தேவையில்லை. கண்பார்வை குறைந்தும் கண்ணாடி போடாமல் இரவிரவாகத் தையல் மெசினில் இருப்பவரின் தலையிடிக்குக் கண் கிளினிக்தான் மருந்து. காலையில் வெறும் தேத்தண்ணியோடு கூலிவேலைக்குப் போய் மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிடுபவரின் தலையிடிக்கு எந்த ஊசியும் பலிக்காது.

பனடோல் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் என்று மூன்று மாதத்துக்கு மேலாக வலிமாத்திரை போட்டு வந்தால், அந்த மாத்திரையே தலையிடியைத் தொடர்ந்து உண்டாக்கும். சேலைத் தலைப்பில் பனடோல் கார்ட் முடிந்து வைத்திருக்கும் அம்மாமார் பலரை எனக்குத் தெரியும். இப்படியானவர்கள் வைத்தியரிடம் சொல்லி அதை நிறுத்தவேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் வலி கூடும், பின்னர் குறையும்.

இனி ஊசி வைத்தியத்துக்கு வருவோம்.

சீனருக்கும் எமக்கும் உள்ள தொடர்பு புதியதல்ல. அல்லைப்பிட்டியில் மண்ணுக்குள் இருந்து ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழைமையான சீன மட்பாண்டத் துண்டுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. 1409ஆம் ஆண்டு திகதியிட்ட காலிக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே கல்லில் இருக்கின்றன. பாண்டம் வந்தது, பட்டு வந்தது. ஊசி வைத்தியம் மட்டும் வெகு பிந்தித்தான் வந்தது. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் வங்காள வைத்தியர் பிஜோய் குமார் பாசு. யப்பானியப் படையெடுப்பில் காயமுற்ற சீனருக்கு உதவ 1938இல் சென்ற இந்திய மருத்துவக் குழுவின் ஐவரில் அவர் ஒருவர். அதே குழுவில் சென்ற கோட்னிஸ் 1942இல் சீனாவிலேயே இறந்துபோனார். பாசு 1950களின் பிற்பகுதியில் மீண்டும் சென்று இக்கலையைப் பயின்று கல்கத்தாவில் ஆரம்பித்தார். இலங்கையில் இதைப் பரப்பியவர் களுபோவில கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் வாதநோய் நிபுணராக இருந்த அன்ரன் ஜயசூரிய. 1970களில் இருந்து அங்கு ஏழை நோயாளருக்கு ஊசி வைத்தியம் செய்யப்பட்டது. வெளிநாடுகளில் இருந்தும் படிக்க வந்தார்கள். அவர் 2005இல் காலமானார். அவர் உருவாக்கிய அமைப்பு வழங்கிய பட்டங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றவையல்ல. சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும் சான்றிதழை மட்டும் பார்த்து ஒருவரை நம்பிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சீனரின் கணக்கு எமது நாட்டு வைத்தியத்தின் கணக்கைப் போன்றதுதான். நாம் வாதம், பித்தம், சிலேத்துமம் என்போம். அவர்கள் ‘சீ’ என்ற உயிர்ச்சக்தி 12 முதன்மை வழிகளில் உடலெங்கும் ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய் என்பர். தலையில் எந்த இடத்தில் வருத்தம் என்பதைக் கொண்டு எந்த வழியில் தடை என்று பார்ப்பர். நெற்றி என்றால் இரைப்பையின் வழி, பக்கத்தில் என்றால் பித்தப்பையின் வழி, உச்சி என்றால் ஈரலின் வழி. அடக்கிய கோபம் ஈரலைத் தாக்கி உச்சிக்கு ஏறும் என்பது அவர்களது நம்பிக்கை. எமது பரராசசேகரத்திலும் தலை நோய்களுக்கு ‘சிரரோக நிதானம்’ என்று தனிப்பகுதியே இருக்கிறது. இந்த வழிகளை உடலை வெட்டிப் பார்த்து எவரும் கண்டதில்லை. சீனாவில்கூட 1822இல் அரச வைத்தியக் கழகத்தில் ஊசி வைத்தியத்தைத் தடைசெய்திருந்தார்கள். அதே சமயம், ஊசி குத்தும்போது உடல் தன்னுடைய வலிநிவாரணப் பதார்த்தங்களைச் சுரக்கிறது என்பதைப் பீக்கிங்கில் ஹான் ஜிஷெங் போன்ற விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள்.

சுகம் வருமா என்பதுதானே எமது கேள்வி. ஜேர்மனியில் 302 ஒற்றைத் தலைவலி நோயாளரை மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குச் சரியான புள்ளிகளில் ஊசி. இரண்டாவது குழுவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில், தோல் மட்டத்தில் ஊசி. மூன்றாவது குழு காத்திருந்தது. முதற்குழுவில் நூற்றுக்கு 51 பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தன. பிழையான இடத்தில் குத்தப்பட்டவர்களில் 53 பேருக்கு! சும்மா காத்திருந்தவர்களில் 15 பேருக்கு மட்டும். பின்னர் 39 ஆய்வுகளில் பங்குகொண்ட 20,827 பேரின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கணிப்பில், சரியான ஊசிக்கும் போலி ஊசிக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் அது சிறியது என்று கண்டார்கள். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 2012இல் நாட்பட்ட இறுக்கத் தலைவலிக்கு 5 முதல் 8 வாரங்களுக்குள் 10 தடவை வரை ஊசி வைத்தியம் செய்து பார்க்கலாம் என்று கூறியது. இவையெல்லாம் தலைவலி போன்ற நாட்பட்ட வலிகள் பற்றிய ஆய்வுகள். ஊருதல், எரிவு பற்றியவையல்ல என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

ஆக, ஊசி போட்டவர்களுக்குச் சுகம் வந்தது உண்மை, ஊசி எங்கே இறங்கியது என்பது நாம் நினைத்த அளவுக்கு முக்கியமில்லை என்பதும் உண்மை. எனக்கு இது விளங்காத விடயமாகத் தெரியவில்லை. எமது குழுவில் ஒருவருக்கு ஏழெட்டுத் தடவை ஊசி வைத்தியம் செய்தபின் தலை ஊருதல் நன்றாகக் குறைந்தது. அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வைத்தியப் பெண்மணி முதலில் அரைமணித்தியாலம் கேள்வி கேட்டாராம். எப்போது ஊருகிறது, எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், என்ன கனவு வருகிறது, நாக்கை நீட்டுங்கள், கையைத் தாருங்கள் என்று. பிறகு ஊசியை வைத்துவிட்டு விசிறியைப் போட்டு, 20 நிமிடம் அசையாமல் படுங்கோ என்றாராம். “அந்த இருபது நிமிசமும் என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை பிள்ளை” என்றார் அவர். நான்கு பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு தோட்டக் கூலிக்கும் போகும் பெண் அவர். நாடி பிடித்த கை, கேட்ட காது, கிடைத்த ஓய்வு, அதோடு ஊசி. இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு அவசியமில்லை. நித்திரை வருகிறது என்பதே அவருக்குப் போதும்.

இன்னொருவரின் கதை வேறு. வடமராட்சிப் பக்கத்தைச் சேர்ந்த அவருக்கு உயர் இரத்த அழுத்தம். ஊசி வைத்தியம் செய்த ஒருவர், இங்கிலிஸ் மருந்து உடம்பில் இருந்தால் ஊசி வேலை செய்யாது என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இவரும் நிறுத்திவிட்டார். தலைக்குள் ஊருதல் போய் இடி தொடங்கியது. வருத்தம் வெளியே போகும்போது அப்படித்தான் இருக்கும் என்றார்களாம். ஆறாம் வாரம் கிராமத்துக் கிளினிக்கில் அளந்தபோது அழுத்தம் 200ஐத் தாண்டியிருந்தது. உடனே வைத்தியசாலையில் சேர்த்ததால் பாரிசவாதம் வராமல் தப்பினார். சங்கிலியை அடைவு வைத்துக் கட்டிய பணம் திரும்ப வரவில்லை. எந்த ஊசி வைத்தியராக இருந்தாலும், அழுத்த மாத்திரையை, நீரிழிவு மாத்திரையை, வலிப்பு மாத்திரையை, உளமருத்துவ மாத்திரையை நிறுத்து என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல ஊசி வைத்தியர் அப்படிச் சொல்லமாட்டார். மருந்தோடு மருந்தாகச் செய்யக்கூடிய வைத்தியம் இது.

ஊசியையே நாடக்கூடாத தலைவருத்தங்களும் இருக்கின்றன. திடீரென இடி விழுந்தது போல வந்த, வாழ்நாளில் கண்டிராத தலையிடி. முகம் கோணுதல், கை கால் சோர்தல், பேச்சுக் குழறல். காய்ச்சலோடு கழுத்து விறைத்தல். வலிப்பு. விழுந்து தலையடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலியும் மயக்கமும். காலையில் எழும்பும்போதே சத்தியோடு வந்து நாளுக்கு நாள் கூடும் தலையிடி. 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கி, சாப்பாடு சப்பும்போது தாடை வலித்து, பார்வையும் மங்குவது. கர்ப்பிணிக்குக் கால் முகம் வீங்கி, கண் மின்னி வரும் தலையிடி. இவற்றில் ஏதும் என்றால் 1990க்கு அழையுங்கள். 2018 முதல் யாழ்ப்பாணத்திலும் இயங்கும் இந்த அம்புலன்சுக்குக் காசில்லை, நடுச்சாமத்திலும் வரும்.

எமது பெண்கள் விசேடமாகக் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. தலையிலோ கழுத்திலோ தோளிலோ செல் துண்டு இன்னும் இருப்பவர்கள் எத்தனை பேர்! “பீஸ் ஒண்டு கிடக்குது, எடுக்கேலாதாம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தத் தழும்பின் நரம்பே ஊருதலுக்கும் எரிவுக்கும் காரணமாக இருக்கலாம். ஊசி வைத்தியரிடம் இதை முதலிலேயே சொல்லவேண்டும்; அந்த இடத்தில் ஊசி குத்தவோ மின்சாரம் பாய்ச்சவோ விடக்கூடாது. எம்.ஆர்.ஐ ஸ்கானுக்கு எழுதினால் அங்கேயும் கட்டாயம் சொல்லுங்கள். அது வலிமையான காந்தம், உள்ளே இருக்கும் உலோகத்தை அசைத்துவிடக்கூடும். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். எப்படி வந்தது, எங்கே இருந்தீர்கள் என்ற விபரமெல்லாம் தேவையில்லை. உடம்பில் இரும்பு இருக்கிறது என்றால் போதும்.

போவதென்று முடிவெடுத்தால், ஊசி புதிய பைக்கற்றில் இருந்து கண்முன்னால் உடைத்து எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். அது மயிர்க்கனமான ஊசி, உள்ளே மருந்து ஏதும் ஏற்றப்படுவதில்லை. கழுவி வைத்த ஊசி என்றால் மஞ்சட்காமாலைக் கிருமி வரை தொற்றும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லவேண்டும். நெஞ்சிலும் தோள்மூட்டுக்கு மேலும் ஆழமாகக் குத்த விடவேண்டாம், நுரையீரலில் பட்டால் ஆபத்து. பெயர் ஒட்டாத சீன மருந்துக் குளிசைகளை வாங்கவே வேண்டாம். பெல்ஜியத்தில் 1990களின் ஆரம்பத்தில் மெலிவதற்கென்று கொடுத்த சீன மூலிகைக் குளிசையில் நச்சு மூலிகை கலந்து நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. மொத்தம் எத்தனை தடவை, எவ்வளவு பணம் என்பதை முதல்நாளே கேளுங்கள். நான்கைந்து தடவையில் சிறு மாற்றமும் இல்லையென்றால் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். நுண்கடன் எடுத்துச் செய்யவேண்டிய வைத்தியம் இதுவல்ல. கடன் தவணை வரும் கிழமையில் தலை இன்னும் கூடுதலாக ஊரும்.

தடுப்பில் இருந்து வந்தவர்கள், இராணுவச் சோதனையில் துன்புறுத்தப்பட்டவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். பூட்டிய அறையில் குப்புறப் படுத்து, பின்னால் ஒருவர் நிற்க, அசையாமல் கிடப்பது சிலருக்குத் தாங்கமுடியாத நினைவுகளைக் கிளப்பும். நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. இருந்தபடி செய்யுங்கள், கதவைத் திறந்துவிடுங்கள், கூட வந்தவர் பக்கத்தில் நிற்கட்டும், கையிலும் காலிலும் மட்டும் போடுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தலை வருத்தத்துக்குச் சட்டை கழற்றவேண்டிய அவசியம் எதுவுமில்லை. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின்னர் எல்லைகளற்ற ஊசி வைத்தியர்கள் என்ற அமைப்பினர் பாதிக்கப்பட்டவர்களைக் கதிரைகளில் வட்டமாக இருத்தி, உடுத்த உடுப்போடு, காதில் மட்டும் ஐந்து சிறு ஊசிகள் வைத்தார்கள். யாரும் எதையும் சொல்லவேண்டியதில்லை. அதனால் எவ்வளவு குணம் என்பதற்குப் பலமான ஆதாரம் குறைவு. ஆனால் கதை சொல்ல விருப்பமில்லாத பெண்ணையும் ஓரிடத்தில் அமைதியாக இருக்கவைக்கும் வழி என்பதால் எனக்கு அது பிடித்திருக்கிறது.

நித்திரையின்மை, எதிலும் விருப்பமின்மை, சாகலாம் என்ற எண்ணம் என்பவை தலை ஊருதலோடு சேர்ந்திருந்தால் ஊசியோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் பிரதேச வைத்தியசாலையில் கேட்டால் உளநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைத்துக் கதைக்கலாம். மனச்சோர்வு மருந்து எடுப்பது பைத்தியம் என்று எழுதிக் கொடுப்பதல்ல.

ஊசி இல்லாமல் விரலால் அழுத்துவதை வீட்டிலேயே செய்யலாம். காசும் இல்லை, பயமும் இல்லை. பின்கழுத்தில் மண்டையோடு முடியும் இடத்தில், இரண்டு பக்கமும் தடித்த தசைக்கு வெளியே சிறு குழிகள் இருக்கும். இரண்டு பெருவிரலையும் அதில் வைத்துத் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூச்சை நீளமாக விட்டபடி ஒன்றிரண்டு நிமிடம் அழுத்துங்கள். தையல் வேலை செய்பவர்களுக்கும் தண்ணீர்க் குடம் தூக்குபவர்களுக்கும் அந்த இடம் கல்லாக இருக்கும். அடுத்தது இரண்டு புருவத்துக்கும் நடுவில், பொட்டு வைக்கும் இடம். மூன்றாவது கைப்பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உள்ள சதை. மற்றக் கையால் கிள்ளிப் பிடிப்பது போல அழுத்தலாம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கைப்புள்ளியை அழுத்துவதில்லை என்பது சீனரின் பழைய விதி, அதை அப்படியே கடைப்பிடிப்பது நல்லது. தானே அழுத்துவதைவிட மற்றவர் அழுத்திவிட்டால் இன்னும் சுகம். வரிசையாக இருந்து முன்னால் இருப்பவரின் கழுத்தை ஒவ்வொருவரும் பிடித்துவிடலாம். கூட்டம் முடிந்து தேத்தண்ணி வரும்வரை உள்ள பத்து நிமிடம் இதற்குப் போதும்.